வைக்கோலும் எருவும் சேரும் இடம்: பினாங்கில் பண்ணைக் கழிவு காய்கறிக்கு உரமாவது எப்படி

பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியான செபராங் பிறையில், கப்பளா பத்தாஸைச் சுற்றியுள்ள வயல்களில் ஆண்டுக்கு இரண்டு போகம் நெல் விளைகிறது. அறுவடை இயந்திரம் கடந்து போன தடமெல்லாம் வைக்கோல் நீள நீளமாகக் கிடக்க, அடுத்த போகத்துக்கு நிலத்தை ஆயத்தம் செய்யும் அவசரத்தில் அதில் ஒரு பகுதி எரிக்கப்படுகிறது. அதே செபராங் பிறையில், லாரியில் சிறிது நேரத்தில் சென்றடையக்கூடிய தொலைவில், கோழிப் பண்ணைகளும் மாட்டுக் கொட்டகைகளும் இருக்கின்றன. அங்கே எரு ஈரத்தோடு குவிந்து நாறுகிறது, ஈ மொய்க்கிறது, அண்டை வீட்டார் முறையிடுகிறார்கள். தெற்கே நிபோங் திபால் பக்கம் செம்பனை எனும் எண்ணெய்ப்பனைத் தோட்டங்களின் கழிவு. தீவில் பாலேக் பூலாவ் தோப்புகளில் டுரியான், ஜாதிக்காய் மரங்களின் சருகும் காய்த்தோலும். காய்கறித் தோட்டங்களிலேயே காய்ப்பு முடிந்த வெண்டைச் செடியும் பயற்றங்கொடியும். இவை ஒவ்வொன்றும் தனியே கிடக்கும்வரை கழிவுதான். ஆனால் காய்ந்ததையும் ஈரமானதையும், கரிமம் மிகுந்ததையும் நைட்ரஜன் மிகுந்ததையும் சரியான அளவில் ஓரிடத்தில் சேர்த்துவிட்டால் அவை காய்கறிக்கு ஏற்ற உரமாகின்றன. நம்மிடம் மூலப்பொருளுக்குப் பஞ்சமில்லை; அவற்றை ஒன்றுசேர்க்கும் ஏற்பாடுதான் குறைவு என்பது இக்கட்டுரையின் கருத்து. அதை விளக்க, ஒவ்வொரு பொருளும் தனித்திருக்கும்போது எதை இழக்கிறோம், சேரும்போது குவியலுக்குள் என்ன நிகழ்கிறது, பாத்தியில் இட்ட பிறகு என்ன எதிர்பார்க்கலாம் என்பனவற்றைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் வைக்கோல். ஒரு நெற்பயிர் தன் வாழ்நாளில் மண்ணிலிருந்து எடுத்துக்கொண்ட நைட்ரஜனில் ஏறத்தாழ 40 விழுக்காடும், பாஸ்பரஸில் மூன்றில் ஒரு பங்கும், பொட்டாசியத்தில் 80 முதல் 85 விழுக்காடும் அறுவடைக்குப் பின் வைக்கோலிலேயே தங்கியிருக்கின்றன. அரிசியாக வீட்டுக்கு வருவதைவிட வயலில் விட்டுவருவதில்தான் பொட்டாசியம் அதிகம். எரிக்கும்போது நைட்ரஜன் முழுவதும் என்று சொல்லத்தக்க அளவுக்குக் காற்றோடு போய்விடுகிறது. பொட்டாசியம் சாம்பலில் மிஞ்சினாலும், நீரில் எளிதாகக் கரையும் அது அடுத்த பெருமழையில் வாய்க்காலுக்குப் போய்ச் சேரும் வாய்ப்பு மிகுதி. கரிமமோ முழுமையான இழப்பு. மலேசியாவில் திறந்தவெளி எரிப்பை 1974-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டம் கட்டுப்படுத்துகிறது என்றாலும், வைக்கோலை அள்ளிக்கொண்டு போக ஆளும் தேவையும் இல்லாத இடத்தில் விவசாயிக்குத் தீப்பெட்டியே மலிவான வழியாகத் தெரிகிறது. சட்டத்தால் மட்டும் இதை நிறுத்திவிட முடியாது. வைக்கோலுக்கு வேறொரு பயன் கண்முன் இருக்க வேண்டும்.

அடுத்தது கோழி எரு. காய்கறி விளைவிப்போர் இதை விரும்புவதற்குக் காரணம் உண்டு: பண்ணை எருக்களில் நைட்ரஜன் மிகுந்தது இதுதான், விளைவும் விரைவில் தெரியும். அந்த விரைவே அதன் குறையும் ஆகும். பச்சையாக இட்ட கோழி எருவிலுள்ள யூரிக் அமிலம் சில நாட்களில் அம்மோனியாவாக மாறி, ஒரு பகுதி காற்றில் பறக்கிறது, மீதி இளவேரைச் சுடுகிறது. ஈக்கள் அதில்தான் முட்டையிடுகின்றன; கேமரன் மலைக்குப் போய் வந்தவர்கள் அங்குள்ள உணவுக் கடைகளில் ஈத்தொல்லையைக் கண்டிருப்பார்கள், அதற்கு மலைச்சரிவுத் தோட்டங்களில் பதப்படுத்தாமல் இடப்படும் கோழி எரு முக்கியக் காரணம் என்று நீண்டகாலமாகவே சொல்லப்பட்டு வருகிறது. இவற்றையெல்லாம்விடக் கவலைக்குரியது நோய்க்கிருமி. சால்மொனெல்லா, ஈ. கோலி போன்ற கிருமிகள் பச்சை எருவில் வாரக்கணக்கில், சில சூழல்களில் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். நாம் கீரையை வேகவைத்து உண்பவர்கள் என்று ஆறுதல் கொள்வதற்கில்லை. மலாய்க்காரர் வீடுகளில் உலாம் எனும் இலைதழைகள் பச்சையாகவே உண்ணப்படுகின்றன. நம் வீடுகளிலும் வெள்ளரிக்காய், கொத்தமல்லி, புதினா, பச்சடிக்கு நறுக்கும் வெங்காயத்தாள் ஆகியவை அடுப்பைக் காண்பதில்லை. அமெரிக்க இயற்கை வேளாண் விதிகள், பதப்படுத்தாத எருவை இட்ட பின், மண்ணைத் தொட்டு வளரும் உண்பொருளை அறுவடை செய்ய 120 நாட்களும், மண்ணைத் தொடாததற்கு 90 நாட்களும் இடைவெளி கேட்கின்றன. கங்குங் கீரையோ சாவி எனும் கடுகுக் கீரையோ விதைத்து நான்கைந்து வாரங்களில் அறுவடைக்கு வந்துவிடும் நம் தோட்டங்களில் அப்படிக் காத்திருக்க இடமே இல்லை. ஆகவே பச்சை எருவை மட்க வைத்து இடுவது இங்கே விருப்பத்தைப் பொறுத்ததன்று, கட்டாயம்.

இனி இவ்விரண்டும் சேரும்போது நிகழ்வது. குவியலை மட்கச் செய்யும் நுண்ணுயிரிகள் கரிமத்தை ஆற்றலுக்காகவும், நைட்ரஜனைத் தம் உடலைக் கட்டிக்கொள்வதற்காகவும் எடுத்துக்கொள்கின்றன. எடைக் கணக்கில் நைட்ரஜன் ஒரு பங்குக்குக் கரிமம் 25 முதல் 30 பங்கு இருந்தால் அவை தடையின்றிப் பெருகும். வைக்கோலில் இந்த விகிதம் 60 முதல் 80 வரை போகிறது. அதனால் வைக்கோலை மட்டும் குவித்தால் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். மரத்தூளில் விகிதம் பல நூறு. கோழி எருவிலோ பத்தைச் சுற்றித்தான். அதை மட்டும் குவித்தால் மிஞ்சிய நைட்ரஜன் அம்மோனியா நாற்றமாக வெளியேறும், அதாவது காசு கொடுத்து வாங்கிய உரத்தைக் காற்றில் விடுகிறோம். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வைக்கோலின் உலர் எடையில் கரிமம் 40 விழுக்காடு, நைட்ரஜன் 0.6 விழுக்காடு என்றும், கோழி எருவில் கரிமம் 35 விழுக்காடு, நைட்ரஜன் 3.5 விழுக்காடு என்றும் வைத்துக்கொண்டால், 100 கிலோ உலர் வைக்கோலுக்கு ஏறக்குறைய 37 கிலோ உலர் எரு சேர்க்கும்போது விகிதம் 28-இல் நிற்கிறது. கூண்டுக்கு அடியிலிருந்து வரும் எருவில் 70 விழுக்காடு ஈரம் இருக்குமானால் அந்த 37 கிலோ, தராசில் 120 கிலோவுக்குச் சற்று மேல் காட்டும். காற்றில் உலர்ந்த வைக்கோலில் உள்ள சிறிது ஈரத்தையும் சேர்த்தால், இரண்டும் எடையில் ஏறத்தாழச் சமபங்கு. பருமனில் வைக்கோல் பல மடங்கு உயர்ந்து நிற்பதைப் பார்த்து அளவு தவறிவிட்டதாக எண்ணிவிடக் கூடாது. இந்தக் கலவையில் ஈரம் 42 விழுக்காடு அளவில்தான் இருக்கும். மட்குவதற்குத் தேவையான 55 விழுக்காட்டை எட்ட, மேலும் 70 லிட்டர் அளவுக்குத் தண்ணீர் தெளிக்க வேண்டும். கையில் ஒரு பிடி அள்ளிப் பிழிந்தால் விரலிடுக்கில் ஓரிரு துளி கசிய வேண்டும், ஒழுகக் கூடாது என்று அனுபவசாலிகள் சொல்வது இந்த அளவைத்தான்.

மாட்டுச் சாணத்துக்குக் கணக்கு வேறு. அதன் விகிதம் இருபதை ஒட்டியிருப்பதால், அதே 100 கிலோ வைக்கோலுக்கு உலர் எடையில் 150 கிலோவுக்கு மேல் சாணம் தேவைப்படும். 80 விழுக்காடு ஈரமுள்ள பச்சைச் சாணமாக அது 750 கிலோவைத் தாண்டிவிடும், குவியலும் சேறாகிவிடும். ஆகவே சாணத்தைக் கூரைக்கடியில் சில நாட்கள் பரப்பி ஈரத்தைக் குறைத்துக்கொள்வதும், விகிதம் 35 வரை போவதைப் பொறுத்துக்கொண்டு கூடுதலாக ஓரிரு மாதம் காத்திருப்பதும் நடைமுறையில் நல்ல வழிகள். மாட்டின் சிறுநீர் ஊறிய கொட்டகைத் தரைவைக்கோல் கிடைக்குமானால் அதைப் போன்ற சரக்கு வேறில்லை; நைட்ரஜனின் பெரும்பகுதி சிறுநீரில்தான் இருக்கிறது, அதைத்தான் நம் கொட்டகைகளில் குழாய்த் தண்ணீர் விட்டுக் கழுவித் தள்ளுகிறோம்.

வெப்பநிலையும் இதில் தன் பங்கை வகிக்கிறது. குறைந்தது ஒரு மீட்டர் நீளம், அகலம், உயரமுள்ள குவியல்தான் தன் சூட்டைத் தானே காத்துக்கொள்ளும். சரியாகக் கலந்த குவியலின் உட்புறம் இரண்டு மூன்று நாட்களிலேயே 55 பாகை செல்சியஸைத் தாண்டும். 60-ஐ ஒட்டி இருப்பது நல்லது, 70-ஐத் தாண்டினால் மட்கச் செய்யும் உயிரிகளே மடியத் தொடங்கும். களைவிதைகளையும் நோய்க்கிருமிகளையும் கொல்வது இந்தச் சூடுதான். ஆனால் அது நடுவில் மட்டும் இருப்பதால், ஓரத்தில் உள்ளதை நடுவுக்குக் கொண்டுவரும்படி புரட்டிப் போட வேண்டியிருக்கிறது. மேலே சொன்ன அமெரிக்க விதிகள், நீளக் குவியல்களில் 55 முதல் 77 பாகைக்குள் 15 நாட்கள் சூடு நிலைக்க வேண்டும், அதற்குள் ஐந்து முறையேனும் புரட்ட வேண்டும் என்கின்றன. கத்தரி, தக்காளிச் செடிகளைச் சாய்க்கும் பாக்டீரிய வாடல் நோய் நம் தாழ்நிலங்களில் பரவலாக இருப்பதால், நோயுற்ற செடிகளைக் குவியலில் போடும் தோட்டக்காரர் இந்த விதியைத் தளர்த்தக் கூடாது. சூட்டை அளந்து பார்க்க வழியில்லையென்றால் அச்செடிகளைக் குவியலுக்குக் கொண்டுவராமலிருப்பதே பாதுகாப்பு. காற்று வேண்டியதும் இதே அளவுக்கு முக்கியம். அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் உள்ளே காற்றில்லை, மீத்தேன் உண்டாகிறது என்று பொருள். புரட்டி, காய்ந்த சரக்கைச் சேர்க்க வேண்டும். அம்மோனியா நெடி மூக்கைத் துளைத்தால் எரு மிகுந்துவிட்டது. அதற்கும் மருந்து வைக்கோல்தான்.

இவையெல்லாம் எந்த நாட்டுக் கையேட்டிலும் கிடைக்கும். அக்கையேடுகள் போதிய அழுத்தத்தோடு சொல்லாதது மழையைப் பற்றி. பினாங்கில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. கூரையில்லாத குவியலின் ஒவ்வொரு சதுர மீட்டர் மீதும் ஆண்டில் 2,400 லிட்டர் தண்ணீர் இறங்குகிறது என்று இதைப் படித்தால் நிலைமை புரியும். பொட்டாசியம் முதலில் கரைந்து போகும், நைட்ரேட் அடுத்தது. குவியலின் அடியிலிருந்து கசியும் கரிய நீரில் போவது நம் உரமே. அந்நீர் பக்கத்து வடிகாலை எட்டினால் அங்கே பாசி பெருகும், மீன் சாகும். செப்டம்பர், அக்டோபர் மாதங்களின் அடைமழையில் திறந்த குவியல் சூடேறாமலே கிடந்து புளித்துப் போவது வழக்கம். தகரக் கூரையும், சற்றுச் சாய்வான சிமெண்டுத் தரையும், கசியும் நீரைப் பிடித்து மீண்டும் குவியல்மேலேயே ஊற்ற ஒரு தொட்டியும் இருந்தால், அதற்காகும் செலவு ஓரிரு ஆண்டுகளில் மிச்சமாகும் சத்தாகத் திரும்பி வரும். அதற்கு வழியில்லாதவர்கள் தார்ப்பாய் கொண்டு மூடலாம். ஆனால் பக்கங்களில் காற்று புக இடம் விட வேண்டும். குழி தோண்டி நிரப்பும் பழைய முறை, மழை குறைந்த தமிழகத்து மாவட்டங்களில் ஈரத்தைக் காக்க உதவியது. இங்கே அது குழியைக் குளமாக்கிவிடும் என்பதால் தரைக்கு மேல் குவிப்பதையே நான் வற்புறுத்துவேன்.

நம் பகுதிக்கென்றே உள்ள இன்னொரு தொல்லை காண்டாமிருக வண்டு. தென்னையின் குருத்தையும் செம்பனையின் குருத்தையும் துளைக்கும் இந்த வண்டு முட்டையிடுவது மட்கும் மரத்தண்டிலும், பழம் நீக்கிய செம்பனைக் காலிக்குலைக் குவியலிலும், எருக்குழியிலும்தான். புரட்டப்படாமல் மூன்று நான்கு மாதம் கிடக்கும் குவியலைக் கிளறினால், விரல் தடிமனில் சுருண்டு கிடக்கும் வெள்ளைப் புழுக்கள் வெளிப்படும். சூடான நடுப்பகுதியில் அவை வாழ்வதில்லை. ஆறிய குவியல்தான் அவற்றுக்கு உகந்த இடம். எனவே மட்கி முடிந்த உரத்தை நெடுநாள் சேமித்து வைக்காமல் பயன்படுத்திவிடுவதும், புரட்டும்போது புழுக்களைப் பொறுக்கிக் கோழிகளுக்குப் போடுவதும் தென்னை வளர்க்கும் அண்டை வீட்டாருக்கு நாம் செலுத்த வேண்டிய கடமை.

உரம் மட்கிவிட்டதா என்பதை நிறத்தை மட்டும் வைத்து முடிவு செய்ய இயலாது. ஈரமான அரைகுறைச் சரக்கும் கறுப்பாகவே தெரியும். புரட்டி நீர் தெளித்த பிறகும் மீண்டும் சூடேறாமல் இருக்க வேண்டும். ஒரு பிடியை நெகிழிப் பையில் கட்டி வைத்து மூன்று நாள் கழித்துத் திறந்தால் மண்வாசனை வர வேண்டும், புளிப்பு வாடையோ சாண வாடையோ வரக் கூடாது. இன்னும் நம்பகமான சோதனை விதை: ஒரு தட்டில் அந்த உரத்தையும் மற்றொன்றில் சாதாரண மண்ணையும் வைத்து, இரண்டிலும் தண்டுக்கீரை விதையைத் தூவினால், முளைப்பில் பெரிய வேறுபாடு தெரியக் கூடாது. மட்காத உரத்தில் அசிட்டிக் போன்ற அமிலங்கள் நாற்றைக் கருக்கும். மரத்தூளும் உமியும் முழுதாக மட்காமல் போனால் மண்ணிலுள்ள நைட்ரஜனை நுண்ணுயிரிகள் தமக்கே எடுத்துக்கொள்ள, செடி வெளிறி நிற்கும். நல்ல கூரைக்கடியில், வாரந்தோறும் புரட்டப்படும் வைக்கோல்-கோழி எருக் குவியல் நம் வெப்பத்தில் இரண்டரை முதல் மூன்று மாதத்தில் தயாராகும். உமியில் சிலிக்கா மிகுதி என்பதால் அது மிக மெதுவாகவே மட்கும். காற்றோட்டத்துக்காகச் சிறிதளவு சேர்ப்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. மண்புழு உரத்தைப் பொறுத்தவரை, முதற்சூடு தணிந்த சரக்கை மண்புழுக்களுக்குக் கொடுத்தால் தரம் உயர்கிறது. ஆனால் மண்புழுத் தொட்டி 55 பாகைச் சூட்டைத் தராது என்பதால், எருவை நேராக அதில் போட்டுவிட்டுக் கிருமி அழிந்துவிட்டது என்று நம்பக் கூடாது.

பாத்திக்குப் போன பிறகு இந்த உரம் செய்யும் வேலையை, மண்ணைத் தெரிந்துகொண்டு பார்க்க வேண்டும். தீபகற்ப மலேசியாவின் மேட்டுநிலங்களில் பெரும்பாலானவை நீண்டகாலம் மழையில் ஊறிச் சத்திழந்த செம்மண், மஞ்சள் மண் வகைகள்; அமிலத்தன்மை மிகுந்து, காரகாடி (pH) அளவு 4 முதல் 5-க்குள் இருக்கும். அந்த அளவில் அலுமினியம் கரைந்து வேர்நுனியைச் சிதைக்கிறது, பாஸ்பரஸை இரும்பும் அலுமினியமும் பிடித்து வைத்துக்கொள்கின்றன, பொட்டாசியத்தைப் பிடித்து வைக்கும் திறன் களிமண்ணுக்குக் குறைவு. மட்கு உரத்தின் கரிமப்பொருள் அலுமினியத்தைக் கட்டிப்போடுகிறது, சத்துகளைப் பிடித்து வைக்கும் திறனைக் கூட்டுகிறது, மழையில் மண் இறுகாமல் பார்த்துக்கொள்கிறது. டோலமைட் சுண்ணாம்பும் சேர்ந்தால் பலன் இரட்டிப்பு. ஆனால் ஆண்டு முழுவதும் 24 முதல் 33 பாகை வரை வெப்பமும் ஈரமும் நிலவும் நிலத்தில் கரிமப்பொருள் குளிர்நாடுகளைவிடப் பல மடங்கு விரைவாகச் சிதைகிறது. அங்கே ஒருமுறை இட்ட எருவின் பயன் பல ஆண்டுகள் நீடிக்கலாம். இங்கே ஒவ்வொரு பயிருக்கும் சிறிது சிறிதாக இட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஐரோப்பிய நூல்களின் அளவை அப்படியே எடுத்துக்கொள்வோர் ஏமாற்றமடைவதற்கு இது முக்கியக் காரணம்.

எவ்வளவு இடுவது என்ற கேள்விக்கு நேர்மையான விடை பலருக்கு உவப்பாக இராது. சதுர மீட்டருக்கு ஒரு கிலோ என்பது ஹெக்டேருக்குப் பத்து டன். அதில் 40 விழுக்காடு ஈரம் போக ஆறு டன் உலர்பொருள், நைட்ரஜன் 1.5 விழுக்காடு என்றால் 90 கிலோ. கீரைப் பயிருக்கு நூறு கிலோ அளவில் நைட்ரஜன் தேவை என்பதால் இது போதும்போலத் தோன்றும். ஆனால் நன்கு மட்கிய உரத்தில் நைட்ரஜன் கரிமப்பொருளோடு பிணைந்திருக்கிறது. முதலாண்டில் பொதுவாக 10 முதல் 20 விழுக்காடுதான் செடிக்குக் கிடைக்கும், நம் வெப்பத்தில் அது சற்றுக் கூடலாம். அதாவது 90 கிலோவில் கைக்கு வருவது 20 கிலோவை ஒட்டித்தான். முதல் ஓரிரு ஆண்டுகளில் இயற்கை முறைத் தோட்டம் பின்தங்குவதாகத் தெரிவது பெரும்பாலும் இதனால்தான். ஆண்டுதோறும் இட்ட உரத்தின் எச்சம் மண்ணில் சேர்ந்து, மூன்றாம் நான்காம் ஆண்டில் அந்த எச்சமே பயிரைத் தாங்கத் தொடங்கும்.

பற்றாக்குறையை மட்கு உரத்தைக் கொட்டியே ஈடுகட்ட முயல்வதும் தவறு. ஹெக்டேருக்கு 30 டன் வீதம் கோழி எரு மிகுந்த உரத்தை இட்டால், உலர் எடையில் ஒரு விழுக்காடு பாஸ்பரஸ் என்ற கணக்கில் 180 கிலோ பாஸ்பரஸ் மண்ணில் சேர்கிறது; ஒரு காய்கறிப் பயிர் எடுத்துக்கொள்வதோ இருபது கிலோவை ஒட்டித்தான். அமில மண் தொடக்கத்தில் இந்த மிகையை விழுங்கிக்கொள்ளும், நன்மையும் உண்டு. ஆண்டுக்கு நான்கைந்து பயிர் எடுத்து ஒவ்வொன்றுக்கும் இப்படி இட்டுக்கொண்டே போனால், சில ஆண்டுகளில் பாஸ்பரஸும் உப்பும் மிகுந்து துத்தநாகக் குறை போன்ற புதிய சிக்கல்கள் தலைதூக்கும். ஆகவே நைட்ரஜனின் ஒரு பகுதியைப் பயற்றினப் பயிர்களிடமிருந்து பெறுவதே சரி: கீரைக்குப் பின் பயற்றங்காய் அல்லது நிலக்கடலை, இடையில் ஒரு சுற்று சணப்பையோ தக்கைப்பூண்டோ விதைத்துப் பூக்கும் முன் மடக்கி உழுதல். வெண்டை, கத்தரி, மிளகாய், பாகல் போன்று மாதக்கணக்கில் காய்ப்பவை மெல்ல மெல்லச் சத்து விடும் மட்கு உரத்தோடு நன்கு ஒத்துப்போகின்றன. முப்பது நாளில் முடிந்துவிடும் கங்குங், சாவி வகைகளுக்குத்தான் முந்தைய பயிர்களிலிருந்து சேர்ந்த எச்சம் இன்றியமையாதது. பஞ்சகவ்வியம், ஜீவாமிர்தம், மீன் அமிலம் ஆகியவற்றின் மீது நம் மக்களுக்கு உள்ள ஈடுபாட்டை நான் மதிக்கிறேன்; ஆனால் நீரில் கலந்து தெளிக்கும் அந்தச் சில லிட்டர், மண்ணுக்கு டன் கணக்கில் வேண்டிய கரிமத்துக்கு ஈடாகாது. மட்கு உரம் இட்ட பாத்தியில் அவை துணை. இடாத பாத்தியில் அவற்றிடம் பெரிதாக எதிர்பார்ப்பது வீண்.

இந்தச் சேர்க்கை முறை நமக்குப் புதியதன்று. மத்திய இந்தியாவின் இந்தோரில் 1924 முதல் 1931 வரை ஆய்வு நடத்திய ஆல்பர்ட் ஹோவர்டும் அவருடைய உடனாய்வாளர் யஷ்வந்த் வாடும் வகுத்த முறையின் சாரம் இதுவே: பயிர்க்கழிவு, கால்நடைச் சாணம், சிறுநீர் ஊறிய மண், சாம்பல் ஆகியவற்றை அடுக்கி, குறித்த இடைவெளியில் புரட்டுதல். இந்திய, சீன உழவர்களின் வழக்கங்களைக் கூர்ந்து கவனித்து அவற்றுக்கு ஒழுங்கு கொடுத்ததே தம் பணி என்பதை ஹோவர்ட் மறைக்கவில்லை. இம்முறை பல நாடுகளின் தேயிலை, காப்பித் தோட்டங்களுக்கும் பரவியது. சிங்கப்பூரின் தலைமைச் சுகாதார அதிகாரியாக இருந்த ஜே. டபிள்யூ. ஷார்ஃப், ஜப்பானியர் வருகைக்கு முன் 1940-ஐ ஒட்டி, தமது துறையில் வேலை செய்த தமிழ்த் தொழிலாளர்களைக் கொண்டு மட்கு உரத்தில் காய்கறித் தோட்டங்கள் போடச் செய்ததும் ஹோவர்டின் எழுத்தில் பதிவாகியிருக்கிறது. அண்மைக் காலத்தில் பினாங்குப் பயனீட்டாளர் சங்கம், 2019-இல் மறைந்த அதன் தலைவர் எஸ். எம். முகமது இத்ரிஸ் காலந்தொட்டே, நச்சில்லா வேளாண்மையையும் வீட்டுத் தோட்டத்தையும் தமிழிலும் எடுத்துச் சொல்லி வந்திருக்கிறது. மட்கு உரம் தயாரிக்கும் பழக்கம் நம் குடும்பங்கள் பலவற்றுக்கு அவ்வழியாகவே அறிமுகமாயிற்று.

விற்பனைக்கு விளைவிப்போர் சான்றிதழ் பக்கத்தையும் பார்க்க வேண்டும். மலேசியாவில் வேளாண்மைத் துறை வழங்கும் மைஓர்கானிக் சான்றிதழ், எம்.எஸ். 1529 என்ற தேசியத் தரத்தை அடிப்படையாகக் கொண்டது. உணவுக்கான அனைத்துலகக் கோடெக்ஸ் அமைப்பு 1999-இல் வெளியிட்ட வழிகாட்டி, தொழிற்சாலைபோல் நடத்தப்படும் கால்நடைப் பண்ணைகளின் எருவை இயற்கை வேளாண்மைக்கு ஏற்பதில்லை. நான் மேலே கணக்குப் போட்டுக் காட்டிய கூண்டுக் கோழி எரு இந்த இடத்தில்தான் சிக்குகிறது. சான்றிதழ் வேண்டும் என்போர், எரு எந்தப் பண்ணையிலிருந்து வருகிறது, அது ஏற்கப்படுமா என்பதைக் குவியல் போடுவதற்கு முன்பே சான்றளிப்போரிடம் கேட்டு எழுத்தில் பெற்றுக்கொள்வது நல்லது. திறந்தவெளியில் வளரும் கோழி, ஆடு, மாடு ஆகியவற்றின் எருவை நாடுவது அதைவிடப் பாதுகாப்பு. இது வெறும் தாள் சார்ந்த தடையன்று. பெரும்பண்ணைத் தீவனத்தில் சேர்க்கப்படும் செம்பும் துத்தநாகமும் எருவில் வெளியேறுகின்றன, குறிப்பாகப் பன்றி எருவில். மட்கும்போது கரிமம் ஆவியாகிக் குவியல் பாதியாகச் சுருங்குவதால் அவ்வுலோகங்களின் செறிவு கூடுமே தவிரக் குறையாது. களைக்கொல்லிகளிலும் சில, கால்நடையின் வயிற்றையும் மட்கும் சூட்டையும் கடந்து நிற்கும். 2008-இல் பிரிட்டனில் அமினோபைராலிட் தெளித்த புல்லை உண்ட கால்நடைகளின் எருவால் வீட்டுத் தோட்டத் தக்காளியும் பயறும் இலை சுருண்டு கெட்டன. வாங்கிய உரம் எதுவாயினும் தொட்டியில் சில பயற்றஞ்செடிகளை வளர்த்துப் பார்த்துவிட்டுப் பாத்திக்குக் கொண்டு போவது இந்த ஆபத்தைப் பெருமளவு தவிர்க்கும். எருவின் மூலத்தை மூட்டையில் தெளிவாக எழுதுவது இன்னொரு காரணத்துக்காகவும் தேவை: பல சமயத்தார் வாழும் நாட்டில், எந்த விலங்கின் எரு என்பதை அறிந்துகொள்ளும் உரிமை வாங்குவோருக்கு உண்டு.

இவ்வளவு நன்மை இருந்தும் வைக்கோலும் எருவும் ஏன் சேருவதில்லை என்று கேட்டால், முதற்காரணம் போக்குவரத்து. கட்டாத வைக்கோல் லாரி நிறைய ஏற்றினாலும் எடை சொற்பம். ஈர எருவிலோ எடையில் பெரும்பகுதி தண்ணீர். இரண்டாவது காரணம் காலம்: வைக்கோல் ஆண்டில் இரண்டு முறை, சில வாரங்களில் வந்து குவிகிறது, எரு நாள்தோறும் வருகிறது. மூன்றாவதும் எனக்கு மிகக் கவலை தருவதுமானது நிலவுரிமை. காய்கறி விளைவிப்போரில் பலர் தற்காலிக நில உரிமத்திலோ வாய்ப்பேச்சுக் குத்தகையிலோ பயிரிடுகிறார்கள். தற்காலிக உரிமத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். வீடமைப்புத் திட்டம் வந்தால் நிலம் கைவிட்டுப் போகும். மட்கு உரத்தின் பலன் மூன்றாம் ஆண்டில்தான் முழுமையாகத் தெரியும் என்றிருக்க, அடுத்த ஆண்டு அந்த மண் தம்மிடம் இருக்குமா என்று தெரியாதவர் யூரியா மூட்டையை நாடுவதை நாம் குறை கூற முடியாது. இயற்கை வேளாண்மையை வளர்க்க விரும்பும் அரசு, பயிற்சிப் பட்டறைகளுக்கு முன்பாக ஐந்து பத்து ஆண்டுக் குத்தகைக்கு வழி செய்ய வேண்டும்.

முதலிரண்டு தடைகளுக்கும் தீர்வு, செலவு குறைந்த ஒரு பொதுக்கூரை. வைக்கோலை வயலிலேயே கட்டுகளாகக் கட்டும் இயந்திரம் நெல் வட்டாரங்களில் புழக்கத்துக்கு வந்துவிட்டது. நெல் வயலுக்கும் காய்கறித் தோட்டங்களுக்கும் இடைப்பட்ட ஓரிடத்தில், ஐந்தாறு தோட்டக்காரர்கள் சேர்ந்து கூரையும் சிமெண்டுத் தளமும் அமைத்து, ஒரு போகத்தின் வைக்கோல் கட்டுகளை உலர்வாக அடுக்கி வைத்துக்கொண்டால், வாரந்தோறும் வரும் எருவுக்கு ஏற்ற அளவு வைக்கோல் ஆறு மாதமும் கையிருப்பில் இருக்கும். ஒவ்வொரு வாரமும் ஒரு குவியல் தொடங்கினால் மூன்றாம் மாதத்திலிருந்து ஒவ்வொரு வாரமும் ஒரு குவியல் முடிந்து வெளியேறும். வாரத்துக்கு ஒரு டன் வைக்கோலும் ஒரு டன் கோழி எருவும் சேர்த்தால், தெளிக்கும் நீரோடு ஏறத்தாழ இரண்டரை டன் வரும் குவியல், மட்கி ஒன்றேகால் டன் அளவுக்குச் சுருங்கும். சதுர மீட்டருக்கு ஒரு கிலோ வீதம் அது 1,250 சதுர மீட்டர் பாத்திக்கு, அதாவது ஏறக்குறைய கால் ஏக்கரையும் விடச் சற்றுக் கூடுதலான நிலத்துக்குப் போதும். ஐந்தாறு குடும்பங்களின் தோட்டத்தில் அந்த வாரம் விதைப்புக்கு ஆயத்தமாகும் பாத்திகளுக்கு அது பெரும்பாலும் சரியாக இருக்கும். புரட்டும் வேலைக்கு முன்பக்க வாளி பொருத்திய ஒரு சிறு டிராக்டரை வாடகைக்கு அமர்த்தினால் அரை நாளில் வாரத்தின் குவியல்கள் அனைத்தையும் புரட்டி முடித்துவிடலாம்.